எஃப்2 கடுவன் வாங்கலாமா? மலையகத்தில் பெங்கால் பூனை வளர்ப்பும் கண்காட்சியும்

கேள்வி: ஹட்டனிலிருந்து, 2023 ஜனவரி 14

கொழும்பில் ஒருவரிடம் பெங்கால் கடுவன் குட்டி ஒன்று இருக்கிறது. எஃப்2, அதாவது காட்டு மூதாதையிலிருந்து இரண்டாம் தலைமுறை என்கிறார். 25 வீதம் காட்டு இரத்தமாம். விலை கூடத்தான், ஆனால் ஊருக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று பெட்டைகளோடு சேர்த்தால் குட்டி விற்று எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். கண்காட்சிக்கும் கொண்டுபோக ஆசை. ஹட்டன் குளிர் இதற்கு ஒத்துவருமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

2023 ஜனவரி 14, இரவு

வாங்க வேண்டாம் தம்பி.

பெங்கால் என்பது சிறுத்தைப் பூனை என்ற சின்னக் காட்டு விலங்கையும் வீட்டுப் பூனையையும் சேர்த்து எடுத்தது. இப்படி இரண்டு வேறு இனங்களைக் கலந்தால் ஆண் பக்கம்தான் முதலில் மலடாகும். எஃப்1 கடுவன் மலடு. எஃப்2 கடுவனும் மலடுதான். எஃப்3இலும் பெரும்பாலும் அதே கதை. பெட்டைகளுக்கு அந்தக் குறை இல்லை. அதனால் ஆரம்பத் தலைமுறைகளில் பெட்டைகளை வைத்துத்தான் வம்சத்தை நகர்த்தினார்கள். நம்பி இணைக்கு விடக்கூடிய கடுவன் நான்காம் தலைமுறைப் பக்கம்தான் வரும்.

அப்படியானால் கொழும்புக்காரர் சொல்வது உண்மை என்றால் அந்தக் கடுவன் குட்டி கொடுக்காது. குட்டி கொடுத்தால் அது எஃப்2 இல்லை. இரண்டிலும் உங்கள் பணம்தான் போகும்.

கண்காட்சி விஷயம்: டிகா என்று சுருக்கிச் சொல்லும் சர்வதேசப் பூனைச் சங்கத்தின் விதிப்படி எஃப்1, எஃப்2, எஃப்3 எதையும் மேடைக்குக் கொண்டுபோக முடியாது. காட்டு மூதாதையிலிருந்து குறைந்தது நான்கு தலைமுறை தள்ளி, பின்னால் மூன்று தலைமுறையும் பெங்காலோடு பெங்கால் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குத்தான் எஸ்பிடி என்று பெயர்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறுத்தைப் பூனை, காட்டு உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. அதன் முதல் நான்கு தலைமுறைக் கலப்பை நாடு விட்டு நாடு கொண்டுவர அந்த அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

2023 ஜனவரி 15

பொங்கல் வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். "25 வீதம் காட்டு இரத்தம் இருந்தால் அது பெருமைதானே அக்கா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்தப் பேச்சைத்தான் நான் எங்கே கண்டாலும் எதிர்க்கிறேன்.

இந்த இனத்தைத் தொடங்கியவர் அமெரிக்காவில் ஜீன் மில். 1963இல் அவர் வளர்த்த சிறுத்தைப் பூனைக்கும் ஒரு கறுப்பு வீட்டுக் கடுவனுக்கும் குட்டி பிறந்தது. பல வருடம் இடைவெளி விட்டு 1980களில் மறுபடி தொடங்கினார். பூனை லுகேமியா நோயை ஆராய்ந்துகொண்டிருந்த வில்லார்ட் சென்டர்வால் தன்னிடம் இருந்த கலப்புக் குட்டிகளை அவருக்குக் கொடுத்தார். 1983இல் டிகா பதிவுக்கு ஏற்றது, 1991இல் பட்டப் போட்டிக்கும் அனுமதித்தது. அந்த இடைவெளி முழுக்க நடந்த வேலை என்ன? காட்டுக் குணத்தை விட்டுவிட்டுக் காட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்வது. சிறுத்தைப் பூனை மனிதனைக் கண்டால் ஒளியும், வீட்டுக்குள் மூலைக்கு மூலை மூத்திரம் அடிக்கும், மடிக்கு வராது. அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் ஒரு பெங்காலுக்கு மதிப்பு. இரத்த வீதத்தைச் சொல்லி விற்பவர் இந்த வேலையையே தலைகீழாக்குகிறார்.

நல்ல பெங்காலை வெயிலில் பிடித்தால் மயிர் நுனியில் பொன்தூள் தூவியது மாதிரி மின்னும். அந்த மினுக்கம் சிறுத்தைப் பூனை கொடுத்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. 1982இல் டெல்லி மிருகக்காட்சிச்சாலையில் திரிந்த புள்ளி போட்ட ஒரு நாட்டுப் பூனையை ஜீன் மில் கொண்டுபோனார். மினுக்கம் அதன் வழியாக வந்தது. டெல்லித் தெருவிலே வளர்ந்த சாதாரணப் பூனை!

2023 ஜனவரி 17

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். பத்திரம் கேட்டதும் விற்பவர் ஃபோன் எடுக்கவில்லையாம். நல்லது.

இனி எங்கே வாங்கினாலும் வம்சாவளிப் பத்திரத்தில் தாய், தகப்பன், பாட்டன், பாட்டி பெயர்களோடு பதிவு இலக்கமும் இருக்கிறதா பாருங்கள். பெயர் இருந்து இலக்கம் இல்லை என்றால் அது வெறும் தாள்.

2023 ஜனவரி 22

குளிரைப் பற்றி இவ்வளவு நாள் பதில் சொல்லவில்லை.

நான் இருப்பது நானுஓயாப் பக்கம். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழும் இடம். வளர்ந்த பெங்காலுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. அடுப்படியில் தணல் இருக்கும் வரை அதன் பக்கம் படுத்துவிட்டு, அப்புறம் கம்பளிக்குள் வந்துவிடும். பிரச்சினை ஈரம். ஜூன், ஜூலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நிற்கும், துணி காயாது, மரச்சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில்தான் படர்தாமரை வரும்.

முதலில் காதின் ஓரத்திலோ மூக்குக்கு மேலோ சின்னதாக ஒரு இடத்தில் மயிர் உதிரும். கிட்டப் பார்த்தால் தோலில் சாம்பல் நிறப் பொடி இருக்கும். நுனி ஒடிந்த மயிர்கள் நிற்கும். அதைப் பார்த்த அன்றே அந்தப் பூனையைத் தனி அறையில் போட்டுவிடுங்கள். பூஞ்சையின் வித்து மெத்தையிலும் கூண்டிலும் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். வூட் விளக்கு என்ற ஊதா விளக்கில் சில வகை பச்சையாக ஒளிரும், எல்லாம் ஒளிராது. அதனால் ஒளிரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. மயிர் பிடுங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் சரி. மருந்தை மிருக வைத்தியர் சொல்வார். விரிப்பைக் கொதிநீரில் துவைத்து, வெயில் இல்லாத நாளில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக் காயவைப்பது என் வேலை.

பூனை அறைக்கு மரத்தரை வேண்டாம். சீமெந்துத் தரை போட்டு, மேலே கழுவி எடுக்கக்கூடிய விரிப்புப் போடுங்கள். ஜன்னலை மேற்கே வையாதீர்கள், தென்மேல் பருவமழை நேரே உள்ளே வரும்.

இன்னொரு விஷயம் வெளிநாட்டுப் புத்தகங்களில் கிடைக்காது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பெட்டைகள் பருவத்துக்கு வராமல் ஓய்வெடுக்கும். நம் நாட்டில் பகல் நீளம் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். மலையில் எவ்வளவு குளிர்ந்தாலும் பெட்டைக்கு அந்த ஓய்வு கிடைக்காது. இணை சேராவிட்டால் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருக்கும். கருப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் உண்டு. இனத்துக்கு வேண்டாத பெட்டையை வைத்துக்கொண்டு "பார்ப்போம், பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். கருத்தடை செய்துவிடுங்கள்.

2023 பெப்ரவரி 3

ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூக்கம் வரவில்லை. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும்போது தேயிலைச் செடிக்கு அடியில் புள்ளி போட்ட குட்டிகள் கிடைத்தனவாம். "இதையே வளர்த்து வீட்டுப் பூனையோடு சேர்த்தால் நம்ம ஊர் பெங்கால் வந்துவிடுமே" என்று கேட்கிறார்.

தயவுசெய்து எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

பெங்காலுக்கு மூதாதையான சிறுத்தைப் பூனை இலங்கையில் இல்லை. இங்கே காட்டில் வாழும் பூனை இனங்கள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருப்புள்ளிப் பூனை. நீங்கள் கண்டது பெரும்பாலும் துருப்புள்ளிப் பூனைக் குட்டிகள். உலகத்திலேயே மிகச் சிறிய பூனை இனங்களில் ஒன்று அது. வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோ அளவுதான். இந்தியா, நேபாளம், இலங்கை தவிர வேறெங்கும் கிடையாது. தாய் தேயிலைக்குள் குட்டி போட்டுவிட்டு இரைக்குப் போகும், இருட்டியதும் திரும்பி வரும். ஆட்கள் மலையிலிருந்து இறங்கிவிட்டால் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் வந்து செத்துப்போகும். வனசீவராசிகள் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம், இணைசேர்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மலையில் சிறுத்தைக்கு ஏற்கனவே நாம் போதுமான கெடுதல் செய்துவிட்டோம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் மாட்டிச் செத்தது. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வராமல் இருக்கப் போட்ட கண்ணிகளில் எத்தனையோ உயிர் போகிறது.

2023 பெப்ரவரி 4

குட்டிகளைத் திரும்ப வைத்துவிட்டாராம். காலையில் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லையாம். தாய் கொண்டுபோயிருக்கும். நன்றி தம்பி.

இதே காரணத்துக்காகத்தான் நான் பெங்காலை வெளியே விடுவதில்லை. அதற்கு வேட்டைப் புத்தி அதிகம். வெளியே விட்டால் மைனாவும் ஓணானும் மிஞ்சாது. காட்டுப் பூனைகளுக்கு நம் பூனை நோயும் கொடுக்கும். சிறுத்தை இறங்கும் தோட்டமாக இருந்தால் பூனையே திரும்பாது. கம்பிவலை அடித்த கூடு ஒன்றை வீட்டோடு ஒட்டிக் கட்டிக்கொடுங்கள். ஏறுவதற்குக் கிளையும் ஒரு வாளித் தண்ணீரும் வையுங்கள். பெங்கால் தண்ணீரில் கை போட்டு விளையாடும்.

2023 மார்ச் 12

பரிசோதனைகளைப் பற்றி ஹட்டன் தம்பி கேட்டதற்கு.

பெங்காலில் மரபணுச் சோதனை செய்தே ஆக வேண்டியவை இரண்டு. ஒன்று பிகே குறைபாடு. சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து இரத்தச்சோகை வரும். மற்றது பிஆர்ஏ. குட்டியிலேயே விழித்திரை கெடத் தொடங்கிப் பார்வை போகும். இரண்டும் தாய் தகப்பன் இரு பக்கமும் வந்தால்தான் நோயாகும். ஒரு பக்கம் மட்டும் சுமக்கிற பூனைக்கு ஒன்றும் செய்யாது. சுமக்காத துணையோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்காது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, காயவைத்து, உறையில் போட்டு வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள மிருக மரபணுக்கூடம் இந்த இரண்டையும் செய்கிறது. எடுக்கும்போது குட்டி தாயிடம் பால் குடித்திருக்கக் கூடாது, தாயின் செல்கள் கலந்துவிடும்.

மூன்றாவதுதான் கொடுமை. எச்சிஎம் என்ற இதயத்தசைத் தடிப்பு. பெங்காலுக்கு அதற்கு மரபணுச் சோதனை கிடையாது. இனத்துக்கு விடும் பூனைக்கு வருடா வருடம் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

என் ராசாவைப் பற்றி இங்கே எழுத வேண்டும். அவனைப் போல ஒரு கடுவனை நான் கண்டதில்லை. உடம்பெல்லாம் இருநிறப் புள்ளி, பக்கவாட்டில் ஓடும் ஓட்டம், வயிறு முழுக்கப் புள்ளி. கொழும்பில் கண்காட்சியில் இறுதிச் சுற்றுக்குப் போனவன். குட்டிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வருட எக்கோவில் இடது கீழறைச் சுவர் 6 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தது. வைத்தியர் திரையைத் திருப்பிக் காட்டி, இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு இழுத்து அளந்தார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன், அளந்தார். அதேதான்.

அந்த மாதமே கருத்தடை செய்தேன். அவனுடைய குட்டி வாங்கிய எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னேன். சிலர் கோபப்பட்டார்கள், ஒருவர் அழுதார். "சொல்லாமல் இருந்திருக்கலாமே, வெளியே தெரியவா போகிறது" என்று ஒரு வளர்ப்பாளரே என்னிடம் கேட்டார். எச்சிஎம் உள்ள பூனை ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து சாகும். இல்லாவிட்டால் இரத்தம் கட்டி பின்னங்கால் இரண்டும் விழுந்து வலியில் கத்தும். அந்த வீட்டில் ஒரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

ராசா மருந்தோடு நன்றாக இருக்கிறான். கண்காட்சிக்குக் கொண்டுபோவதில்லை. பயணக் களைப்பு அந்த இதயத்துக்கு ஆகாது.

2023 மார்ச் 13

எக்கோ ஒரு தடவை சரி என்றால் வாழ்நாள் முழுக்கச் சரி என்று அர்த்தமில்லை. சில பூனைகளுக்கு நாலைந்து வயதுக்குப் பிறகுதான் தடிக்கத் தொடங்கும். அதனால் கடுவனை ஒரு வயதிலேயே பல பெட்டைகளுக்கு விடுவதை இப்போது நான் விரும்புவதில்லை. முன்பு "சோதனை சரியென்றால் விடலாம்" என்று எழுதிவந்தேன். ராசாவுக்குப் பிறகு யோசித்ததில், சில குட்டியோடு நிறுத்தி, அவன் வளர்ந்து நிற்கும் வரை காத்திருப்பதே மேல் என்று படுகிறது.

2023 மே 20

பொன்னி நேற்று விடியக்காலையில் குட்டி போட்டாள். நான்கு. ஒன்று பனிநிறம்.

பனிநிறம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள், தாயும் தகப்பனும் பழுப்பு. சியாம், பர்மியப் பூனைகளின் வெளிர்நிற மரபணு இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால் பழுப்புக்கும் பழுப்புக்கும் நடுவே வெள்ளையாய் ஒரு குட்டி பிறக்கும். பிறக்கும்போது புள்ளியே தெரியாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும்.

மலையில் குட்டி எடுப்பவர்களுக்கு ஒன்று: முதல் வாரம் பெட்டிக்குள் 30 பாகை சூடு இருக்க வேண்டும். குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது, குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில் நாங்கள் வெந்நீர்ப் போத்தல்களைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். சூடு கூடினால் நகர்ந்துபோக மற்றப் பக்கம் குட்டிக்கு வேண்டும். இரவில் அலாரம் வைத்து மாற்றினோம். பக்கத்து லயத்து அக்கா ஒருவர் விறகடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து எடுத்துவந்து கொடுப்பார்.

சமையல் தராசு ஒன்று வாங்கி ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுங்கள். பிறக்கும்போது 100 கிராம் பக்கம் இருக்கும். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் உற்றுப் பாருங்கள். குறைந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

2023 ஜூன் 25

"குட்டியின் புள்ளி மங்கிப்போகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர். ஏமாற்றவில்லை. ஒரு மாத வயதுக்குக் கிட்ட பெங்கால் குட்டிக்கு நீட்டு நீட்டாகச் சாம்பல் மயிர் முளைத்துப் புள்ளியை மூடும். பறவைக்கும் நரிக்கும் தெரியாமல் இருக்கக் காட்டுக் குட்டிக்கு உள்ள போர்வை அது. மூன்று நான்கு மாதத்தில் உதிர்ந்துவிடும். கண்காட்சிக் குட்டியைத் தேர்வதென்றால் அது மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை படம் எடுத்து வையுங்கள், உதிர்ந்த பிறகு மறுபடி பாருங்கள். நடுவில் எடுக்கும் முடிவு நிற்காது.

2023 ஜூலை 9

சாப்பாட்டுச் செலவு பற்றிச் சுருக்கமாக. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 பக்கம் போனபோது இறக்குமதிப் பைகள் கடையிலேயே இல்லை. சூடை மீன், கோழி இதயம், ஈரல், கழுத்து என்று சமாளித்தோம். பூனைக்கு டோரின் வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். கோழி இதயத்தில் நிறைய இருக்கிறது. அவித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், டோரின் அதில் கரைந்திருக்கும், சாப்பாட்டோடு ஊற்றிவிடுங்கள். மீனைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். ஈரல் கொஞ்சம் போதும். சோறு போட்டுப் பெங்கால் வளர்க்க முடியாது.

2023 செப்டெம்பர் 3

கண்காட்சிக்குக் கொண்டுபோகும் ஆயத்தம் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள்.

மலைப் பூனைக்கு அடிமயிர் தடிக்கும். வீட்டில் அது அழகு. ஆனால் பெங்காலின் மேல்மயிர் குட்டையாக, உடம்போடு ஒட்டி, பட்டு மாதிரி வழுக்க வேண்டும். டிகா அளவுகோலில் 100 புள்ளியில் தலைக்கு 35, உடம்புக்கு 30, மயிர், நிறம், கோலம் மூன்றுக்கும் சேர்த்து 35. அதில் மயிரின் பதத்துக்கு மட்டும் 10. அதனால் கண்காட்சிக்கு முன்னால் தினமும் ரப்பர் சீப்பால் வாரி, செத்த அடிமயிரை எடுத்துவிடுகிறேன். சில நாள் முன்பு குளிப்பாட்டுகிறேன், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மினுக்கம் தெரியாது. நகம் வெட்டி, காது துடைத்தால் போதும். பவுடர், வாசனை எதுவும் வேண்டாம்.

அவிசாவளை வழி இறங்கும்போது கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி எடுக்கும். புறப்படும் காலையில் சாப்பாடு கொடுக்காதீர்கள். கித்துல்கலையில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். கீழே இறங்க இறங்கப் புழுக்கம் கூடும். வேனுக்குள் கூண்டை வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

இதெல்லாம் கடைசி வாரத்து வேலை. பெரிய ஆயத்தம் குட்டி கண் திறந்ததிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துப் பிள்ளைகள் எங்கள் இஸ்தோப்புக்கு வருவார்கள். கை கழுவிவிட்டு ஆளுக்கொரு குட்டியை மடியில் வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் "என்னா அக்கா, புலிக்குட்டியா வளக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டு தூக்கிப் பார்ப்பார்கள். பல கை, பல குரல், பல வாசனை. கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கும்போது குட்டிகளை அறைக்குள் பூட்டாமல் தாயோடு தூரத்தில் வைத்துக் கேட்கவிடுகிறோம். அப்படி வளர்ந்த குட்டி மண்டபத்து ஒலிபெருக்கிக்கு அசையாது.

2023 அக்டோபர் 15

கண்காட்சி போய்வந்தோம். பனிநிறக் குட்டியையும் சுழியனையும் கொண்டுபோனேன். சுழியன் மார்பிள் கோலம், பளிங்கில் ஓடும் கோடு போலப் பக்கவாட்டில் சுழிந்து ஓடும் வகை.

வெளிநாட்டு நடுவர் சுழியனைக் கூண்டிலிருந்து எடுத்து மேசையில் விட்டார். ஒரு கையை மார்புக்கு அடியில் கொடுத்து உடம்பை நீட்டிப் பிடித்தார், முதுகு நீளம் பார்க்க. தாடையை ஒரு விரலால் தூக்கிப் பக்கவாட்டு முகம் பார்த்தார். காதின் பின்புறத்தில் வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று காதை மடித்துப் பார்த்தார். அப்புறம் தூக்கிப் பிடித்து வயிற்றைப் பார்த்தார். வயிற்றில் புள்ளி இல்லாத பெங்காலுக்குப் பரிசே கிடையாது. கடைசியில் இறகுக் குச்சியை ஆட்டினார். சுழியன் பின்னங்காலில் நின்று இரண்டு கையாலும் பிடித்தான். அந்த நேரம்தான் தொடைத் தசை தெரியும். நடுவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூண்டில் இருந்த பெங்கால் புள்ளியில் எங்களுடையதைவிட நல்லது, அதில் சந்தேகமில்லை. நடுவர் கை வைத்ததும் சீறியது. இரண்டாம் தடவை கடிக்கப் பாய்ந்தது. நடுவர் நிறுத்திவிட்டார். மூர்க்கம் காட்டினால் தகுதியிழப்பு என்று விதியிலேயே இருக்கிறது. உரிமையாளர் "இது காட்டு இரத்தம் அதிகம் உள்ளது, அதுதான்" என்று சுற்றி நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். நின்றவர்களில் பலர் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பூனையை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. கூண்டின் பின்மூலையில் காதை மடக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கிடந்தது.

சுழியன் குட்டிகள் பிரிவில் இறுதிச் சுற்றுக்குப் போனான். பனிநிறக் குட்டி போகவில்லை. முகத்திலும் வாலிலும் நிறம் உடம்புப் புள்ளியைவிட அதிகம் கறுத்திருக்கிறது என்றார். சரியான கணிப்பு.

2023 அக்டோபர் 18

மார்பிள் பற்றி இரண்டாவது யோசனை. புள்ளி வகைக்குத்தான் கேட்பார் அதிகம், மார்பிள் ஒதுங்கிய கோலம், அதனால் இரண்டு பக்கமும் மறைந்திருந்தால்தான் வெளியே வரும், வந்தால் பலர் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் புள்ளியைத்தான் முன்னே வைத்துவந்தேன். சுழியனைப் பல கண்ணால் பார்த்த பிறகு மார்பிளைத் தனியாகத் தொடர வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் கோலம் மாட்டுக் கண்ணை வரைந்தது போல வட்டமாக நிற்கக் கூடாது, பக்கவாட்டில் ஓட வேண்டும். அந்த ஓட்டம் உள்ள ஒரு பெட்டை கிடைத்தால்தான் தொடங்குவேன்.

2023 நவம்பர் 13

நேற்றுத் தீபாவளி வெடிக்கு மூன்று வீடுகளில் பூனை ஓடிவிட்டதாகத் தகவல். வருகிற வருடம் மாலை ஐந்துக்கே உள்ளறையில் விடுங்கள், ஜன்னலை மூடி வானொலி போடுங்கள். ஓடிய பூனையைத் தேடுபவர்கள் பகலில் கத்திக் கூப்பிட வேண்டாம். அது கிட்டத்திலேதான் எங்காவது வாய்க்கால் குழாயிலோ விறகுக் கொட்டிலிலோ பதுங்கியிருக்கும். ஊர் அடங்கிய பிறகு டோர்ச் எடுத்துக்கொண்டு, அது சாப்பிடும் தட்டைத் தட்டிக்கொண்டு மெதுவாக நடங்கள்.

2023 நவம்பர் 15

இரண்டு கிடைத்துவிட்டன. தலவாக்கலைப் பூனையை இன்னும் தேடுகிறார்கள். பழுப்பு, வலது காதில் சின்ன வெட்டு. அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஸ்டோர் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள்.

2024 பெப்ரவரி 18

ஹட்டன் தம்பி ஒரு வருடம் பொறுத்திருந்து இப்போது இரண்டு பெட்டைகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டுக்கும் எஸ்பிடி பத்திரம் இருக்கிறது. முதல் பெட்டைக்குப் புள்ளி அருமை, அம்புமுனை மாதிரி இருநிறம், ஆனால் ஆள் கிட்டப் போனால் சீறுகிறது, கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. இரண்டாவதற்கு அடிநிறத்துக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் குறைவு, ஆனால் மடியில் ஏறித் தூங்கிவிட்டதாம். "கண்காட்சிக்கு முதலாவதுதானே நல்லது அக்கா?" என்று கேட்கிறார்.

இரண்டாவதை வாங்குங்கள்.

நிறத்தின் கூர்மையைக் கடுவனைப் பார்த்துத் தேர்ந்து அடுத்த தலைமுறையிலேயே பெருமளவு சரிசெய்யலாம். பயந்த தாயின் குட்டிகளைச் சரிசெய்வது அப்படியில்லை. பயம் கொஞ்சம் பிறப்பிலேயே வரும். மிச்சத்தைத் தாய் கற்றுக்கொடுப்பாள். ஆள் வந்தால் அவள் ஓடி ஒளிவதைப் பார்த்துக் குட்டியும் ஓடும். மனிதக் கைக்குப் பழகும் வயது இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான். அந்த நாட்களில் அவள் குட்டிகளை உங்களிடம் தரமாட்டாள்.

முதல் பெட்டையை இனத்துக்கு விடாமல், கருத்தடை செய்து, பிள்ளைகள் இல்லாத அமைதியான வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி விற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். அதுவும் நன்றாக வாழலாம்.

2024 பெப்ரவரி 20

விற்பவர் சம்மதித்துவிட்டாராம். ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். பிகே, பிஆர்ஏ சோதனைத் தாள்களை மூலப் பிரதியாக வாங்குங்கள். தாயின் எக்கோ எப்போது எடுத்தது என்று திகதியோடு எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் நீங்கள் விற்கும் குட்டிகளில் இனத்துக்கு வேண்டாதவை எல்லாம் கருத்தடை செய்தே போகும் என்று உங்கள் பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாங்கியவரால் வளர்க்க முடியாமல் போனால் பூனை உங்களிடமே திரும்பி வரும் என்ற வரி கட்டாயம் வேண்டும்.

ஒரு வயது தாண்டும் வரை இணைக்கு விடாதீர்கள். ஆறு மாதத்திலேயே கத்தத் தொடங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடுவன் தேடும்போது எழுதுங்கள். சுழியனுக்கு எக்கோ எடுக்க ஏப்ரலில் கொழும்பு போகிறேன், ஹட்டன் வழிதான். உங்கள் பெட்டைக்கும் அன்றே எடுப்பதென்றால் வேனில் இன்னொரு கூண்டுக்கு இடம் இருக்கிறது.